நாயகக் கலங்களின் கதி

விண்வெளித் தொடர் ஒன்றில் கேப்டன் பதவி உயர்வு பெற்றுப் போய்விடலாம். மருத்துவர் ஒரு சீசன் முழுக்கக் காணாமல் போய், அடுத்த சீசனில் எதுவும் நடக்காததுபோல் திரும்பி வரலாம். கப்பல் மட்டும் எங்கும் போகாது. டைட்டில் இசையோடு நட்சத்திரங்களுக்கு நடுவே வருவது அதுதான். பல தொடர்களில் தொடரின் பெயரே அதன் பெயர்தான். கதைமாந்தர்கள் உண்பது, உறங்குவது, சண்டையிடுவது, சாவது எல்லாம் அதற்குள்ளேதான். இப்படிக் கதையின் நடுவில் நிற்கும் கலத்தை நாயகக் கலம் என்று சொல்லலாம். ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய ஒரு தொடர் முடியும்போது அந்தக் கலம் என்ன ஆகிறது என்பதுதான் இங்கே விஷயம். முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. சில தொடர்களை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கவனமாகப் படியுங்கள்.

வெடிப்பது, தரையில் மோதுவது, ஓய்வு பெற்று அருங்காட்சியகத்துக்குப் போவது, வீடு திரும்புவது, தொடர் ரத்தானதால் நடுவழியில் நிற்பது என்று கதிகள் பல. ‘ரெட் ட்வார்ஃப்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் 1993இல் கப்பலே திருடுபோனது. அந்த சீசன் முழுவதையும் நாயகர்கள் அதன் சிறிய துணைக்கலத்திலேயே ஓட்டினார்கள். ஆனால் இந்த வகைகளைப் பட்டியல் போட்டு அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே மாதிரி வெடித்துச் சிதறிய இரண்டு கப்பல்களில் ஒன்று நம்மைக் கலங்கடிக்கிறது, மற்றொன்று தோளைக் குலுக்க வைக்கிறது. அந்த வித்தியாசம் கடைசி எபிசோடில் உருவாவதில்லை. போன வாரம் கப்பலுக்குப் பட்ட அடி இந்த வாரம் தெரிகிறதா என்பதில் இருக்கிறது.

ஆரம்பத்தில் தெரியவில்லை, தெரியவும் முடியாது. 1966 முதல் 1969 வரை ஓடிய முதல் ‘ஸ்டார் ட்ரெக்’கின் என்டர்பிரைஸ் 11 அடிக்கும் சற்று அதிக நீளமுள்ள ஒரு மாதிரி. உள்ளே விளக்குகள் பொருத்தியபோது ஒயர்களை இடப்பக்கத்தின் வழியே வெளியே எடுத்தார்கள். ஆகவே அந்தப் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்ட முடியாது. கப்பல் எதிர்த்திசையில் போவதுபோல் வேண்டுமென்றால் எழுத்துகளை இடவலம் மாற்றி ஒட்டிப் படம்பிடித்து, பிறகு பிம்பத்தையே திருப்பிக்கொள்வார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்த காட்சியை ஒருமுறை மட்டும் காட்டிவிட்டு யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். கிரகத்தைச் சுற்றும் அதே என்டர்பிரைஸ் வாரா வாரம் வந்தது. அதன் மேல் ஒரு தீக்கரி படிந்திருந்தாலும் கையில் இருக்கும் பழைய காட்சிகள் எல்லாம் பயன்படாமல் போய்விடும். எந்த எபிசோடை எந்த வரிசையில் மறுஒளிபரப்பு செய்தாலும் கதை புரிய வேண்டும் என்ற கட்டாயம் வேறு. ஆகவே சண்டை முடிந்ததும் பொறியாளர் வியர்வையைத் துடைத்துக்கொள்வார். அடுத்த வாரம் கப்பல் பளபளவென்று இருக்கும். அந்த மாதிரி 1974இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. 79 எபிசோடுகளோடு தொடர் நின்றபோது கதைக்குள் கப்பலுக்கு முடிவு என்று எதுவும் எழுதப்படவில்லை. ஒரு வாரம் வந்தது, அடுத்த வாரம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த என்டர்பிரைஸுக்கு முடிவு வந்தது 1984இல், மூன்றாவது திரைப்படத்தில். முந்தைய படத்தில் இறந்துபோன தன் நண்பர் ஸ்போக்கை மீட்க, கேப்டன் கிர்க் உத்தரவை மீறித் தன் கப்பலையே திருடிக்கொண்டு போகிறார். எதிரி இனத்தவரான கிளிங்கான்கள் கப்பலில் ஏறும் நிலை வந்ததும் தன்னழிப்பு ஆணையைக் கொடுக்கிறார். கிர்க், அவருடைய அதிகாரிகள் ஸ்காட்டி, செகாவ் மூவரும் ஆளுக்கொரு குறியீட்டைச் சொல்ல வேண்டும். 1969இல் தொடரின் ஓர் எபிசோடில் இதே சடங்கு நடந்திருக்கிறது. அதில் கடைசி நொடியில் நிறுத்திவிடுவார்கள், இங்கே நிறுத்தவில்லை. அன்று வெறும் மிரட்டலாக இருந்ததைப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நிஜமாக்கியதில் ஒரு நேர்மை இருக்கிறது. கணக்கும் சரியாக விழுகிறது. இறந்தவன் திரும்பி வருகிறான் என்றால் அதற்கு விலை வேண்டும். கிர்க் தன் மகனையும் கப்பலையும் கொடுக்கிறார். அந்தப் படத்தின் முன்னோட்டமே கப்பல் சாகப் போவதை வெளிப்படையாகக் காட்டிவிட்டது. ரகசியம் போன பிறகும் காட்சி வேலை செய்தது. எரிந்துகொண்டே வானத்தில் கீழிறங்கும் கலத்தை நாயகர்கள் தரையில் நின்று பார்க்கிறார்கள். நாமும் அவர்களோடு நின்றுதான் பார்க்கிறோம்.

ஆனால் 1986இல் அடுத்த படம் முடிவதற்குள் அதே பதிவெண்ணோடு ‘ஏ’ என்ற எழுத்து சேர்ந்து, ஏறக்குறைய அதே தோற்றத்தில் புதிய என்டர்பிரைஸ் வந்துவிட்டது. கலம் சாகலாம், பெயர் சாகாது என்ற வழக்கம் ஸ்டார் ட்ரெக்கில் இங்கே தொடங்குகிறது. தயாரிப்பாளருக்கு இது பெரிய வசதி. ரசிகனுக்கு அவ்வளவு நல்லதில்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் அடுத்த முறை கப்பல் வெடிக்கும்போது ‘சரி, அடுத்த எழுத்து என்ன?’ என்று கேட்கப் பழகிவிடுகிறான்.

1994இல் அதுதான் நடந்தது. ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தொடரான ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ ஏழு சீசன்கள், 178 எபிசோடுகள் ஓடி முடிந்த அதே ஆண்டில், அதன் நாயகக் கலமான என்டர்பிரைஸ்-டி முதல் திரைப்படத்திலேயே அழிகிறது. கிளிங்கான் சகோதரிகள் இருவர், படை ஒதுக்கிவிட்ட பழைய ரகக் கலம் ஒன்றை வைத்துக்கொண்டு, பொறியாளர் ஜியோர்டியின் கண்கருவி வழியாகக் கேடய அலைவரிசையைத் திருடித் தாக்குகிறார்கள். எஞ்சின் பகுதி வெடிக்கிறது. வட்டத் தட்டுப் பகுதி தனியே கழன்று, ஒரு கிரகத்தின் காட்டை உழுதுகொண்டு போய் நிற்கிறது. படமாக்கிய விதத்தில் குறை சொல்ல முடியாது. தட்டு தரையில் சறுக்கும் காட்சியில் இன்றும் இருக்கை அதிர்கிறது. ஆனால் ஏழு ஆண்டுகள் மனிதகுலத்தின் பெருமிதமாக நின்ற கப்பல் இப்படி ஒரு ஓட்டைக் கலத்திடமா தோற்க வேண்டும் என்ற முணுமுணுப்பு ரசிகர்களிடம் இன்னும் ஓயவில்லை. அந்த எதிரிக்கலம் வெடிக்கும் காட்சிகூடப் புதிதாக எடுத்ததில்லை, 1991இல் வந்த முந்தைய படத்திலிருந்து எடுத்து ஒட்டியது.

இந்தச் சாவுக்குக் கதைக்கு வெளியே தெளிவான காரணங்கள் இருந்தன. சின்னத்திரைக்காக வடிவமைத்த கலத்தை விட்டுவிட்டுப் பெரிய திரைக்கென்று ஒன்றைச் செய்ய வேண்டும். படப்பிடிப்பு நடந்த அரங்குகள் ‘வாயேஜர்’ என்ற அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடருக்கு வேண்டும். 1996இல் என்டர்பிரைஸ்-இ வந்து சேர்ந்தது. நாயகக் கலத்தின் சாவில் எப்போதும் இப்படி இரண்டு காரணங்கள் இருக்கும்: ஒன்று எழுத்தாளரின் மேஜையில், இன்னொன்று ஸ்டுடியோவின் கணக்குப் புத்தகத்தில். முதல் காரணம் வலுவாக இருந்தால் இரண்டாவது நம் கண்ணில் படாது. 1984இல் படவில்லை. 1994இல் நன்றாகவே பட்டது. என்டர்பிரைஸ்-டியின் ஆறடி மாதிரி 2006இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 5,76,000 டாலருக்குப் போனது என்பதைச் சொன்னால், கதைக்குள் கிடைக்காத மரியாதை வெளியே கிடைத்தது என்று சிலர் ஆறுதல் அடைவார்கள்.

அந்த 1994 படத்தின் திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவர் ரொனால்ட் டி. மூர். பெயரை நினைவில் வையுங்கள்.

வாயேஜரின் கதைக்கருதான் பழுதுபடும் கப்பலுக்கு மிகப் பொருத்தமானது. 1995இல் தொடங்கும்போதே கலம் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் எறியப்படுகிறது. துறைமுகம் இல்லை, உதிரிபாகம் இல்லை, உதவிக்கு வர ஆள் இல்லை. கையில் இருப்பது 38 டார்பிடோக்கள், தீர்ந்தால் வேறு கிடையாது என்று முதல் சீசனிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிறகு 172 எபிசோடுகளில் சுட்டதை ரசிகர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். 38 எப்போதோ கடந்துவிட்டது. சொல்லப்போனால் கப்பல் வாரா வாரம் துறைமுகத்திலிருந்து கழுவித் துடைத்து வந்ததுபோல்தான் இருந்தது.

விதிவிலக்காக ஒரே ஒரு முறை, 1997இல் ‘இயர் ஆஃப் ஹெல்’ என்ற இரு பாகக் கதையில், வாயேஜரை உண்மையிலேயே உடைத்துப் பார்த்தார்கள். தளங்கள் கிழிந்து தொங்குகின்றன. கட்டுப்பாட்டு அறையில் கூரை இடிந்து கிடக்கிறது. பெரும்பாலோர் கப்பலைக் கைவிட்டு வெளியேறுகிறார்கள். கேப்டன் ஜேன்வே தழும்பேறிய முகத்தோடு, சிதைந்த கலத்தை நேரே எதிரியின் காலக்கப்பலில் மோதுகிறார். மிக அருமையான முடிவு. மோதியதும் காலம் பின்னோக்கி உருண்டு, எதுவுமே நடக்கவில்லை என்றாகிவிடுகிறது. ஜேன்வேக்கே நினைவில்லை. அந்தக் கடைசி இரண்டு நிமிடங்களைப் பார்த்தால், பழைய முறையில் எழுதும் தொடர் எதற்கு அஞ்சுகிறது என்று நன்றாகத் தெரியும். நினைவு வைத்துக்கொண்டால் அடுத்த வாரம் கப்பலைச் சரிசெய்வதைப் பற்றியும் எழுத வேண்டுமே. 2001இல் வாயேஜர் வீடு சேர்ந்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, ஆனால் ஏழு ஆண்டுப் பயணத்தின் களைப்பு அந்தக் கலத்தில் துளியும் இல்லை.

1999இல் மூர் வாயேஜரின் எழுத்துக் குழுவில் சேர்ந்தார். வந்த வேகத்தில் விலகினார். தொலைந்துபோன கப்பலில் எதுவும் தேயவில்லை, யாரும் மாறவில்லை என்பது அவர் பிற்பாடு பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்ன குறை. சில ஆண்டுகளில் அவர் கைக்கு வந்தது ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’.

1978இல் வந்த பழைய தொடரின் மறுவார்ப்பு அது. 2003இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009 வரை ஓடியது. தொடக்கமே கப்பலின் ஓய்வு விழாதான். கேலக்டிகாவை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். விமானங்கள் இறங்கும் தளங்களில் ஒன்றில் நினைவுப்பொருள் கடை வந்துவிட்டது. மனிதர்கள் படைத்த எந்திர இனமான சைலான்கள் தாக்கும்போது நவீன கப்பல்களின் கணினி வலையமைப்புக்குள் புகுந்து அவற்றை முடக்குகிறார்கள். கேலக்டிகா பிழைப்பதற்குக் காரணம் அதன் கிழட்டுத்தனம்: கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது என்பதில் தளபதி அடாமா பிடிவாதமாக இருந்தார், பேசுவதற்குச் சுருள் ஒயர் வைத்த தொலைபேசிதான்.

அதன் பிறகு கப்பலுக்குப் பட்டதெல்லாம் கப்பலிலேயே தங்குகிறது. 2006இல் ஒளிபரப்பான மூன்றாவது சீசனில், சைலான்கள் பிடித்துவைத்த கோளிலிருந்து மக்களை மீட்க, கேலக்டிகா காற்றுமண்டலத்துக்குள்ளேயே தாவித் தோன்றி, தீப்பற்றிக்கொண்டு கல்லாக விழுந்தபடி தன் போர் விமானங்களை ஏவிவிட்டு, தரையைத் தொடுவதற்குள் மறுபடி தாவி மறைகிறது. தொலைக்காட்சியில் கப்பல் ஒன்று செய்த மிகத் துணிச்சலான காரியம் இது என்பேன். அதே எபிசோடில், அதைவிடப் புதிய, அதைவிடப் பெரிய பெகாசஸ் என்ற கலத்தை அடாமாவின் மகன் லீ எதிரிக் கப்பல்கள் மீது மோதவிட்டு அழிக்கிறான். புதியது போய்ப் பழையது எஞ்சுகிறது. அதற்குப் பிறகு வரும் எபிசோடுகளில் கேலக்டிகாவின் வெளிப்புறத்தைப் பாருங்கள்: கவசத் தகடுகள் பெயர்ந்து, கருகிப்போய், அப்படியே இருக்கும்.

கடைசி சீசனில் சுவர்களுக்குப் பின்னால் இருக்கும் தாங்குசட்டங்களில் மயிரிழை விரிசல்களைப் பொறியாளர் டைரல் கண்டுபிடிக்கிறார். ஒட்டுப்போடச் சைலான்களின் உயிர்ப்பசையைப் பூசுவதுதான் வழி. யாரை அழிக்கக் கட்டப்பட்டதோ அவர்களுடைய பொருளே கப்பலின் எலும்புக்குள் போகிறது. அடாமா முதலில் மறுக்கிறார், பிறகு குடித்துவிட்டு ஒப்புக்கொள்கிறார். கப்பலைக் கைவிட்டே தீர வேண்டும் என்றாகும் கட்டத்தில் ஒரு காட்சி வருகிறது. அடாமா தன் அறைச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறார். விரிசல் மறையவில்லை. சாயத்தை அள்ளி வீசி, அதிலேயே சறுக்கி விழுந்து, தரையில் கிடந்து அழுகிறார். வெடிப்பு இல்லை, எதிரி இல்லை. ஒரு முதியவரும் ஒரு சுவரும்தான். கலம் கடைசியாகத் தாவும்போது அதன் முதுகெலும்பு முறிகிறது. மீந்த கப்பல்களோடு சேர்த்து அதைச் சூரியனுக்குள் செலுத்துகிறார்கள். அந்த இறுதி எபிசோடில் மனிதர்களுக்கு எழுதப்பட்ட முடிவுகளைப் பற்றி ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கப்பலின் முடிவைப் பற்றிச் சண்டை போட்டவர்களை நான் பார்த்ததில்லை. 1994இல் என்டர்பிரைஸை வீழ்த்திய அதே கை 2009இல் கேலக்டிகாவை அனுப்பிவைத்தது. நடுவில் பதினைந்து ஆண்டுகள் அந்தக் கை கற்றுக்கொண்டது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் புரியும்.

பணம் இல்லாமலும் இதைச் செய்யலாம் என்பதற்கு பிபிசியின் ‘பிளேக்ஸ் 7’ சாட்சி. 1978 முதல் 1981 வரை, அட்டை செட்டுகளும் ஆடும் சுவர்களுமாக ஓடிய தொடர். அதன் நாயகக் கலம் லிபரேட்டர், வேற்றினத்தவர் கட்டியது, யாராலும் வெல்ல முடியாதது. 1980இல் மூன்றாம் சீசனின் இறுதியில், நாயகர்களில் ஒருவனான ஏவன் அவசரப்பட்டு அதை ஒரு துகள்மேகத்துக்குள் செலுத்துகிறான். மேகம் கப்பலை அரிக்கத் தொடங்குகிறது. கப்பலின் கணினி ஜென், அதுவரை தன்னைப் பற்றி ‘நான்’ என்று பேசியதே இல்லை. சாகும் தறுவாயில் முதல்முறையாக அந்தச் சொல்லைப் பயன்படுத்தி, உங்களைக் கைவிட்டுவிட்டேன் என்கிறது. செலவு ஒரு குரலும் கொஞ்சம் பிசுபிசுப்பான திரவமும்தான். தொடர் இதோடு முடிகிறது என்று நினைத்து எழுதிய முடிவு அது; ஒளிபரப்பு முடிந்த கையோடு அடுத்த சீசன் உண்டு என்று பிபிசி அறிவித்துவிட்டது. நான்காம் சீசனில் ஸ்கார்ப்பியோ என்ற சாதாரணக் கலத்தில் காலம் தள்ளினார்கள், கடைசி எபிசோடில் அதுவும் தரையில் மோதி நொறுங்கியது.

செத்த கப்பலை எழுப்பும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ இதில் மூத்தது. 1945 ஏப்ரலில் உண்மையிலேயே மூழ்கிய போர்க்கப்பல் யமாட்டோவின் பெயரையும் உருவத்தையும் எடுத்து 1974இல் விண்ணில் பறக்கவிட்ட தொடர் அது. 1978இல் வந்த திரைப்படத்தில் கலம் எதிரியின் மீது மோதி அழிந்தது, நாயகனும் போனான். அதே ஆண்டு அதே கதையைத் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கியபோது முடிவை மாற்றிப் பிழைக்க வைத்துவிட்டார்கள். 1983இல் மறுபடி அழித்தார்கள். பிறகும் வந்தது. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற ஸ்டார் ட்ரெக் தொடரின் டிஃபையன்ட் 1999இல் போரில் அழிந்தது. சில எபிசோடுகள் கழித்து அதே ரகத்தில் வேறொரு கலம் வந்தது, டிஃபையன்ட் என்றே பெயரை மாற்றிக்கொள்ளச் சிறப்பு அனுமதியோடு. போர்க்காலத்தில் அப்படித்தான் நடக்கும் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது படப்பிடிப்பு வசதியாகத்தான் தெரிகிறது.

2023இல், நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கேப்டன் பெயரில் வந்த ‘பிக்கார்ட்’ தொடரின் மூன்றாவது சீசன் என்டர்பிரைஸ்-டியையே திரும்பக் கொண்டுவந்தது. விழுந்த தட்டை மீட்டு, வேறொரு கலத்தின் எஞ்சின் பகுதியோடு பொருத்தி, ஜியோர்டி இருபது ஆண்டுகளாக ரகசியமாகச் சீரமைத்துவந்தாராம். கட்டுப்பாட்டு அறையின் செட்டைப் பழைய அளவில் மறுபடி கட்டினார்கள். முதியவர்களாகிவிட்ட ஏழு பேரும் உள்ளே நுழைகிறார்கள். தான் அதிகம் ஏங்கியது தரைவிரிப்புக்காகத்தான் என்று பிக்கார்ட் சொல்கிறார். ரசிகர்களைக் குளிர்விக்கும் வித்தை என்று ஒதுக்கத் தோன்றும், ஆனால் 1994 செய்த தவறு எது என்று அந்த வசனத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கப்பல் போர்க்கலமாக இருந்ததைவிட வீடாகத்தான் அதிகம் இருந்தது. அதை அழித்தபோது யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை.

முடிவே கிடைக்காதவையும் உண்டு. 1965இல் தொடங்கிய ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’ 1968இல் நின்றபோது, தொலைந்த குடும்பம் தொலைந்தபடியே விடப்பட்டது. ‘ஸ்டார்கேட் யுனிவர்ஸ்’ ரத்தாகி 2011இல் நின்றபோது டெஸ்டினி என்ற கலத்தில் எல்லோரும் உறைதூக்கத்தில், ஒருவன் மட்டும் விழித்திருக்கிறான். ஸ்டார் ட்ரெக் தொடரான ‘டிஸ்கவரி’க்கு நேர்மாறான சிக்கல்: ஆளில்லாமல் அநாதையாகக் காத்திருக்கும் அந்தக் கப்பலை 2018இலேயே ஒரு குறும்படத்தில் காட்டிவிட்டார்கள். ஐந்தாவது சீசனே கடைசி என்று தெரிந்த பிறகு, கூடுதலாக ஒரு பின்னுரையைப் படம்பிடித்து, 2024இல் கலத்தை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விடுகதைக்கு விடை எழுதியதுபோல் இருந்தது, விடைபெறுதல்போல் இல்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் கேலக்டிகாவின் குறுந்தொடரிலிருந்து தொடங்கலாம், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் மூன்றாவது சீசனில் 1990இல் வந்த ‘யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்’ எபிசோடைப் பாருங்கள். கடந்த காலத்திலிருந்து என்டர்பிரைஸ்-சி அடிபட்டு, காலப்பிளவு வழியாக வந்து சேர்கிறது. அது தன் காலத்துக்குத் திரும்பிப் போய், தோற்கப்போவது உறுதியான ஒரு சண்டையில் கிளிங்கான்களுக்காக நின்று அழிந்தால்தான், பின்னால் வரவிருக்கும் பெரும்போர் நடக்காமல் இருக்கும். கேப்டன் ரேச்சல் காரெட்டுக்கு அது தெரியும். நாம் அந்தக் கலத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்த ஒரு எபிசோடுக்குள் அறிமுகமாகி, பழுது பார்க்கப்பட்டு, கேப்டனை இழந்து, மீந்தவர்களோடு கிளம்பியும் போகிறது.